ஒரு சொகுசுக் கப்பலின் ஆயுள்: முதல் தகடு முதல் கடைசித் தகடு வரை

இத்தாலியில் மொன்ஃபல்கோனே என்ற ஊரில் ஃபின்கான்டியேரி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளம் இருக்கிறது. 1990-இல் அங்கிருந்து ‘கிரவுன் பிரின்சஸ்’ வெளியே வந்தது. அடுத்த ஆண்டே அதே வரைபடத்தில் ‘ரீகல் பிரின்சஸ்’ வந்தது. இரண்டுக்கும் 245 மீட்டர் நீளம், சுமார் 70,000 டன் கொள்ளளவு. டால்பினின் தலையைப் போல வளைந்த முன்பக்கத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ.

முதல் கப்பல் 2020 நவம்பரில் குஜராத்தின் அலங் கரைக்கு உடைக்கப் போய்விட்டது. தங்கைக் கப்பலோ ‘ஆம்பியன்ஸ்’ என்ற புதுப் பெயரில் 2022-இல் இங்கிலாந்தின் டில்பரி துறைமுகத்திலிருந்து மறுபடியும் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒரே தளம், ஒரே வடிவம், வயதில் ஓராண்டுதான் வித்தியாசம். அப்படியானால் ஒரு கப்பலின் ஆயுளை முடிவு செய்வது எது? துரு இல்லை என்பதுதான் என் பதில். அதை வாங்கி ஓட்ட அடுத்த ஆள் இருக்கிறாரா, அடுத்து வரும் விதிக்கு அதைத் திருத்த யாராவது பணம் போடுவார்களா என்பதுதான் முடிவு செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே வரும் ஒவ்வொரு கட்டமும் ஏன் அப்படி நடக்கிறது என்பது விளங்கும்.

படி 1: பெயரை விட்டுவிட்டு எண்ணைப் பிடியுங்கள்

ஒரு கப்பலின் கதையைத் தேடும் பலர் பெயரை வைத்துத் தேடித் தொலைந்து போகிறார்கள். கிரவுன் பிரின்சஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2002-இல் அது ‘ஆரோசா ப்ளூ’, 2004-இல் ‘ஐடாப்ளூ’, 2007-இல் ‘ஓஷன் வில்லேஜ் டூ’, 2009-இல் ‘பசிபிக் ஜுவல்’, 2019-இல் ‘கர்ணிகா’. போதாததற்குப் பிரின்சஸ் நிறுவனம் பிறகு கட்டிய வேறொரு கப்பலுக்கு அதே பழைய பெயரை வைத்துவிட்டது.

மாறாதது பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் பெயரிலுள்ள ஐ.எம்.ஓ. எண். கட்டும்போதே கொடுக்கப்படும் ஏழு இலக்க எண் இது. உரிமையாளர் மாறினாலும், கொடி (அதாவது பதிவு செய்த நாடு) மாறினாலும், கப்பலை நடுவில் வெட்டி நீட்டினாலும் எண் அதேதான். உடைத்த பிறகும் அதை வேறு கப்பலுக்குக் கொடுப்பதில்லை. 1996 முதல் இது கட்டாயம். கப்பலின் உடலிலேயே இது நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பயணிகள் கப்பல்களில் வானிலிருந்து பார்த்தால் தெரியும்படி மேல்பரப்பிலும் எழுதியிருக்க வேண்டும்.

கிடைத்த எண் சரியானதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கர்ணிகாவின் எண் 8521220. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 56, 30, 10, 4, 6, 4. கூட்டினால் 110. அதன் கடைசி இலக்கம் 0, எண்ணின் ஏழாவது இலக்கமும் 0. பொருந்திவிட்டது. பொருந்தாவிட்டால் எங்கோ எழுத்துப் பிழை என்று அர்த்தம். இந்த எண்ணை எக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் போட்டால் பெயர், கொடி, உரிமையாளர், ஆய்வு விவரங்கள் என்று ஓரளவு வரலாறு கிடைக்கும்.

இன்னொன்றையும் இப்போதே தெளிவாக்கிக்கொள்ளலாம். 70,000 டன், 2,48,000 டன் என்று செய்திகளில் வருவதெல்லாம் எடை கிடையாது. கப்பலுக்குள் மூடப்பட்ட இடத்தின் கொள்ளளவிலிருந்து கணக்கிடும் அளவு அது. உடைப்பதற்கு விற்கும்போதுதான் உண்மையான எடை பேச்சுக்கு வரும்.

படி 2: ஆர்டரும் கடனும்

பெரிய சொகுசுக் கப்பல் கட்டத் தெரிந்த இடங்கள் உலகில் மிகக் குறைவு. இத்தாலியில் ஃபின்கான்டியேரியின் தளங்கள், பிரான்ஸில் சாந்நசேர், ஜெர்மனியில் பாப்பன்பர்க், பின்லாந்தில் துர்க்கு. பெருங்கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த நான்கு நாடுகளில்தான் பிறக்கின்றன. சரக்குக் கப்பல் கட்டுவதில் கொடிகட்டிப் பறக்கும் நாடுகளுக்கும் இது எளிதில் கைவராத வேலை. ஜப்பானின் நாகசாகியில் மிட்சுபிஷி கட்டிக்கொண்டிருந்த ‘டைமண்ட் பிரின்சஸ்’ 2002 அக்டோபரில் தீப்பிடித்துப் பாதி எரிந்தது. பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த சகோதரிக் கப்பலுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து, எரிந்ததைச் சீர்செய்து ‘சஃபையர் பிரின்சஸ்’ ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கான அறைகள், சமையற்கூடங்கள், அரங்கம், நீச்சல் குளம் எல்லாவற்றையும் இரும்புக்குள் அடைக்கும்போது மரவேலையும் வெல்டிங்கும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஆபத்தே அங்குதான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கப்பல் கைக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பணம் கொடுக்கும் முறை விசித்திரமானது. வழக்கமாக விலையில் 20 சதவீதத்தைத் தவணைகளாகக் கட்டும் காலத்தில் கொடுப்பார்கள். மீதி 80 சதவீதம் கப்பலைப் பெற்றுக்கொள்ளும் நாளில்தான். அந்தப் பெருந்தொகைக்கும் கட்டும் நாட்டின் ஏற்றுமதிக் கடன் அமைப்பு உத்தரவாதம் தரும். பின்லாந்தில் ஃபின்வேரா, இத்தாலியில் சாச்சே அந்த வேலையைச் செய்கின்றன.

இதனால் கட்டுகிறவர் கழுத்தில் சுருக்கு. பாதி கட்டிய கப்பலை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்க வேண்டும். பாப்பன்பர்க்கின் மேயர் வெர்ஃப்ட் 2024-இல் தள்ளாடியதற்கு இதுவும் முக்கியக் காரணம். கடைசியில் ஜெர்மன் அரசும் லோயர் சாக்ஸனி மாநில அரசும் சேர்ந்து சுமார் 80 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டுதான் அதைக் காப்பாற்றின. எல்லாத் தளங்களுக்கும் அப்படிக் கை கொடுக்க ஆள் வரவில்லை. விஸ்மார் நகரில் எம்.வி. வெர்ஃப்டன் 2022 ஜனவரியில் திவாலானபோது ‘குளோபல் ட்ரீம்’ என்ற 2,08,000 டன் கப்பல் முடியாத நிலையில் கூடத்துக்குள்ளேயே நின்றது. அந்த ஆண்டின் இறுதியில் டிஸ்னி நிறுவனம் வாங்கியிராவிட்டால் ஒருநாள்கூட ஓடாமலே அது ஸ்க்ராப் ஆகியிருக்கும்.

படி 3: தகடு, பிளாக், நாணயம்

வேலை தொடங்கும் நாள் முதல் தகடு வெட்டப்படும் நாள். வெட்டிய தகடுகளை வெல்டிங் செய்து தட்டையான பகுதிகள் ஆக்குவார்கள். அவற்றை இணைத்தால் பிளாக். குழாய், கேபிள் தாங்கிகள், காற்றுக் குழல் எல்லாவற்றையும் பிளாக்கிலேயே பொருத்திவிடுவார்கள், அதுவும் பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. அண்ணாந்து பார்த்து வெல்டிங் செய்வதைவிடக் குனிந்து செய்வது வேகம், தரமும் நன்றாக இருக்கும். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள பிளாக்குகளைக் கிரேன் தூக்கி, தண்ணீரை இறைத்துவிடக்கூடிய உலர்தளத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைக்கும். பாப்பன்பர்க்கில் இதற்கென 500 மீட்டருக்கு மேல் நீளமான மூடிய கூடமே இருக்கிறது. மழையும் பனியும் வேலையை நிறுத்தாது.

முதல் பிளாக்கை இறக்குவதைத்தான் கீல், அதாவது கப்பலின் அடி முதுகெலும்பு, இடுவது என்கிறார்கள். அதன் அடியில் நாணயம் வைப்பது பழைய வழக்கம். சடங்கு என்று தள்ளிவிட வேண்டாம், சட்டத்திலும் அந்தத் தேதிக்குக் கனம் உண்டு. எந்தப் பாதுகாப்பு விதி எந்தக் கப்பலுக்குப் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் கீல் இட்ட தேதியை வைத்தே தீர்மானிக்கிறார்கள். எடுத்துக்காட்டாக, தீயோ வெள்ளமோ ஓரளவு சேதம் செய்த பிறகும் கப்பல் தானாகவே துறைமுகம் திரும்ப வேண்டும் என்ற விதி, 2010 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ கீல் இட்ட பெரிய பயணிகள் கப்பல்களுக்கு உரியது. இதற்காக என்ஜின் அறையையே இரண்டாகப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. அடுத்தடுத்து வந்த இரண்டு கப்பல்கள் வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறாக இருக்கக் காரணம் இதுதான்.

அகலமும் நீளமும் முடிந்ததும் தளத்துக்குள் தண்ணீரைத் திறந்து மிதக்க விடுகிறார்கள். சரிவில் சறுக்கிக் கடலில் விழும் காட்சியைப் பெரிய சொகுசுக் கப்பல்களில் இப்போது பார்க்க முடியாது. மிதந்த பிறகுதான் பெரும் வேலை: உட்பக்கம். கேபின்கள் வேறொரு தொழிற்சாலையில் கட்டில், கழிவறை, விளக்கு, கண்ணாடி எல்லாம் பொருத்திய பெட்டிகளாகத் தயாராகிப் பக்கவாட்டுத் திறப்பு வழியாக உள்ளே போகும். தளத்தில் தள்ளிக்கொண்டு போய் அதனதன் இடத்தில் நிறுத்தித் தண்ணீர், மின்சாரம், கழிவுக் குழாய் இணைத்தால் அறை தயார்.

காலக்கணக்குக்கு ஒரு கப்பலைப் பார்க்கலாம். துர்க்குவில் கட்டிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’, 2,48,663 டன், 365 மீட்டர். தகடு வெட்டியது 2021 ஜூன், கீல் 2022 ஏப்ரல், மிதந்தது 2022 டிசம்பர், முதல் கடல் சோதனை 2023 ஜூன், ஒப்படைத்தது 2023 நவம்பர், மயாமியிலிருந்து முதல் பயணம் 2024 ஜனவரி 27. தகட்டிலிருந்து பயணிகள் வரை இரண்டரை ஆண்டு கொஞ்சம் கூடுதல்.

படி 4: சோதித்து, கைமாற்றி, வெளியே கொண்டுவருவது

கடல் சோதனையில் முழு வேகத்தில் ஓடவிட்டுத் திடீரென்று நிறுத்துவார்கள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளப்பார்கள். வட்டமடிக்கவிட்டுச் சாய்வைப் பார்ப்பார்கள். மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்து அவசர ஜெனரேட்டர் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். கேபின் கேபினாகச் சத்தத்தையும் அதிர்வையும் அளந்து குறிப்பார்கள். லாயிட்ஸ் ரெஜிஸ்டர், டி.என்.வி., ரினா போன்ற வகைப்பாட்டு அமைப்புகளின் ஆய்வாளர்கள் கூடவே இருப்பார்கள். அவர்கள் சான்று தராமல் காப்பீடு கிடையாது, கொடியும் கிடையாது.

சில தளங்களிலிருந்து கப்பலை வெளியே எடுப்பதே தனிக் கலை. பாப்பன்பர்க் கடலிலிருந்து உள்ளே தள்ளி, எம்ஸ் ஆற்றின் கரையில் இருக்கிறது. கப்பல் பின்பக்கம் முன்னே போக, இழுவைப் படகுகள் துணையோடு ஆற்றில் இறங்கும். ஆழம் போதாதென்று கண்டர்சும் அணையின் கதவுகளை மூடி நீர்மட்டத்தை உயர்த்துகிறார்கள். ‘ஓயாசிஸ் ஆஃப் த சீஸ்’ 2009-இல் துர்க்குவிலிருந்து வந்தபோது டென்மார்க்கின் பெரும் பெல்ட் பாலத்தின் அடியில் நுழைய, புகைபோக்கிகளை உள்ளே இறக்கிக்கொண்டது. அப்படி இறங்கும்படியே அவற்றை வடிவமைத்திருந்தார்கள். பிறகு ஞானத்தாய் ஒருவர் பெயர் சூட்ட, பாட்டில் உடைபட, கப்பல் வேலைக்கு வந்துவிடும்.

படி 5: ஓடும் காலம்

ஆயுளில் பெரும்பகுதி இதுதான். இதில் ஒரே ஒரு நாளைக் கவனித்தால் போதும், முழுக் கப்பலும் புரிந்துவிடும்: பழைய பயணிகள் இறங்கிப் புதியவர்கள் ஏறும் நாள்.

விடியும் முன் கப்பல் துறைமுகத்தில் கட்டப்படுகிறது. முந்தைய இரவே கேபின் வாசல்களில் வைக்கப்பட்ட பெட்டிகள் ஆயிரக்கணக்கில் கீழ்த்தளத்தில் குவிந்திருக்கும், அவை முதலில் இறங்கும். காலை பத்து மணிக்குள் கடைசிப் பயணி இறங்கியாக வேண்டும். நண்பகலுக்கு முன்பே புதியவர்கள் வரத் தொடங்குவார்கள். அந்த இடைவெளியில் ஒவ்வொரு கேபின் பணியாளரும் தன் பொறுப்பிலுள்ள பதினைந்து, இருபது அறைகளைத் துடைத்து, படுக்கை மாற்றி, கழிவறை கழுவி முடிக்க வேண்டும். அதே நேரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள பக்கக் கதவுகள் வழியாக ஃபோர்க்லிஃப்ட்டுகள் உணவைத் தட்டுத்தட்டாக உள்ளே கொண்டுபோகும். சமையல் தலைவர் கதவருகே நின்று காய்கறிப் பெட்டியைத் திறந்து பார்த்து, வாடியிருந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவார். கடலுக்குப் போன பிறகு மாற்று வாங்க கடை இல்லை. இன்னொரு பக்கம் எரிபொருள் படகு ஒட்டி நிற்கும், குப்பையும் நசுக்கிய கண்ணாடியும் இறங்கும். மாலை நாலு, ஐந்து மணிக்குக் கயிறு அவிழ்ந்துவிடும். ஒரு மணிநேரம் தாமதித்தால் அடுத்த துறைமுகம் வரை கூடுதல் வேகம், கூடுதல் எண்ணெய்.

ஊழியர்களுக்கு டெக், என்ஜின், ஹோட்டல் என மூன்று பிரிவு. எண்ணிக்கையில் ஹோட்டல் பிரிவுதான் மிகப் பெரிது. பிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். ஒப்பந்தம் பொதுவாக ஆறு முதல் ஒன்பது மாதம், அதுவரை வாரத்தில் ஒருநாள்கூட முழு விடுமுறை இல்லை. 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணிநேரத்தில் குறைந்தது 10 மணிநேரமும் ஏழு நாளில் 77 மணிநேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது. வேலைக்குப் போக நினைப்பவர்கள் இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓய்வு நேரப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது அது உண்மையாக நடந்ததா என்று பார்த்துப் போடுங்கள். துறைமுக ஆய்வாளர் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

கீழே என்ஜின் அறை. நவீனக் கப்பலில் என்ஜின் நேரடியாக ப்ரொப்பெல்லரைச் சுழற்றுவதில்லை, மின்சாரம் தயாரிக்கிறது. ஓயாசிஸில் ஆறு டீசல் ஜெனரேட்டர்கள் சேர்ந்து சுமார் 97 மெகாவாட். கப்பலின் அடியில் தொங்கும் மூன்று அஸிபாட் மோட்டார்கள் தலா 20 மெகாவாட் எடுத்துக்கொள்ளும். மீதிதான் ஏ.சி., சமையல், விளக்கு, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும். அஸிபாட் மோட்டாரையே எந்தத் திசைக்கும் திருப்பலாம் என்பதால் சுக்கான் தேவையில்லை. 1998-இல் ‘கார்னிவல் எலேஷன்’ கப்பலில்தான் சொகுசுப் பயணத்துக்கு இது முதலில் வந்தது.

மேலே சமையற்கூடத்துக்கும் தேர்வு உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி ஏறுவார்கள். நூற்றுக்கு 86 வாங்கினால் தேர்ச்சி, 85 என்றால் தோல்வி.

விபத்தும் இந்தக் காலத்தில்தான் காத்திருக்கிறது. 2012 ஜனவரி 13 இரவு ‘கோஸ்டா கான்கார்டியா’ இத்தாலியின் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். கப்பல் ஏறி 24 மணிநேரத்துக்குள் பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி தந்தால் போதும் என்றிருந்த விதி, அதன் பிறகு கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ என்று மாறியது. பயணம் போகிறவர்கள் அந்தப் பயிற்சியை அலுப்பாக நினைக்காமல், ஆபத்தில் தாங்கள் கூட வேண்டிய இடம் எந்தத் தளத்தில், எந்தப் பக்கம் என்று நடந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 6: உலர்தளம்

எந்தப் பயணிகள் கப்பலும் ஐந்தாண்டில் குறைந்தது இரு முறை அடிப்பாகத்தைச் சோதனைக்குக் காட்டியாக வேண்டும். சில சோதனைகளை நீருக்குள் மூழ்கிப் பார்த்தே முடிக்கலாம், ஆனாலும் உலர்தளம் ஏறாமல் எந்தக் கப்பலும் தப்ப முடியாது.

தளத்தின் தரையில் கப்பல் உட்காரும் மரக்கட்டைகளை முன்கூட்டியே வரைபடப்படி அடுக்கியிருப்பார்கள். கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை இறைப்பார்கள். ஓரடி பிசகினாலும் உடல் வளையும் என்பதால் கப்பல் கட்டைகளில் உட்காரும் அந்த நேரம் எல்லோருக்கும் பதற்றம். தண்ணீர் வடிந்ததும் அதுவரை யாரும் பார்க்காத பகுதி வெளியே தெரியும்: ஒட்டிய சிப்பிகள், பாசி, பாதி கரைந்துபோன துத்தநாகக் கட்டிகள். அந்தக் கட்டிகள் கரைவது நல்லதுதான், கப்பலின் இரும்புக்குப் பதிலாகத் தாங்கள் அரிபட வேண்டும் என்றுதான் அவற்றை ஒட்டியிருக்கிறார்கள். உயரழுத்தத் தண்ணீரால் உடலைக் கழுவி, மீயொலிக் கருவியால் தகட்டின் தடிமனை இடம் இடமாக அளப்பார்கள். தேய்ந்த தகட்டை வெட்டிவிட்டுப் புதிது வைப்பார்கள். அஸிபாட்டின் சீல்கள், பேரிங், ஆட்டத்தைக் குறைக்கும் பக்கவாட்டுத் துடுப்புகள், கடல்நீர் உறிஞ்சும் வாய்களின் வால்வுகள் எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார்கள். பிறகு சிப்பி ஒட்டாத பெயின்ட். அடியில் படிந்த பாசி எண்ணெய்ச் செலவை ஏற்றிவிடும்.

குளிர்விக்கக் கடல்நீர் இல்லாததால் கப்பலின் ஜெனரேட்டர்களை ஓட்ட முடியாது, கரை மின்சாரம்தான். ஏ.சி. பாதி ஓடாது. அதற்குள்ளேயே ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் கம்பளம் கிழித்து, உணவகம் மாற்றி, வெல்டிங் செய்துகொண்டிருப்பார்கள். நாட்கள் எண்ணி ஒதுக்கியவை, அடுத்த பயணத்துக்கு டிக்கெட் விற்றாயிற்று. 2019 ஏப்ரல் 1 அன்று பஹாமாஸ் ஃப்ரீபோர்ட்டில் ஓயாசிஸ் இருந்தபோது கிரேன்கள் சரிந்து கப்பல் மேலேயே விழுந்தன. பிறகு அதை ஸ்பெயினின் காதிஸுக்குக் கொண்டுபோய்ச் சீர்செய்ய வேண்டியதாயிற்று.

சில கப்பல்களுக்கு நடுவயதில் பெரிய அறுவையே நடக்கும். 2005-இல் ராட்டர்டாமில் ‘என்சான்ட்மென்ட் ஆஃப் த சீஸ்’ கப்பலை நடுவில் குறுக்கே வெட்டி, பாதியைத் தள்ளி நிறுத்தி, முன்பே கட்டி மிதவையில் கொண்டுவந்த 22 மீட்டர் துண்டை இடையில் வைத்து ஒட்டினார்கள். ஒட்டுவதில் பெரும்பாடு இரும்பு இல்லை. அறுத்த ஒவ்வொரு கேபிளையும் குழாயையும் தேடிப் பிடித்து இணைப்பதுதான். எம்.எஸ்.சி. நிறுவனம் 2014, 2015-இல் பலெர்மோவில் தன் நான்கு கப்பல்களை இப்படி 24 மீட்டர் நீட்டியது. புதுக் கப்பல் வாங்கும் விலையில் சிறு பகுதிக்குக் கூடுதல் அறைகள். கப்பலின் அடுத்த பத்தாண்டுக்கு ஒருவர் பணம் போட்டார் என்பதன் தெளிவான அடையாளம் இது.

படி 7: கைமாறும் காலம்

பெரிய நிறுவனம் இருபது வருடத்துக்கு மேல் ஒரு கப்பலைத் தன் முதல் வரிசையில் வைப்பது அரிது. அதே குழுமத்தின் சிறிய நிறுவனத்துக்குத் தள்ளும், அப்புறம் வெளியே விற்கும். சாந்நசேரில் கட்டி 1988-இல் ஓடத் தொடங்கிய ‘சாவரின் ஆஃப் த சீஸ்’ அன்று உலகின் மிகப் பெரிய சொகுசுக் கப்பல்களில் ஒன்று. 2008-இல் ஸ்பெயினின் புல்மன்தூர் நிறுவனத்துக்குப் போனது. 2020-இல் அந்த நிறுவனம் நொடித்ததும் சில வாரங்களில் உடைபடத் துருக்கி போய்ச் சேர்ந்தது. கப்பலில் குறையே சொல்ல முடியாது, ஓட்ட ஆள் இல்லை.

முன்பு சொன்ன இரு சகோதரிகளுக்கும் நடந்தது இதுதான். கர்ணிகாவை வாங்கிய ஜலேஷ் நிறுவனம் 2019-இல் மும்பையிலிருந்து ஓட்டத் தொடங்கியது. கொரோனாவில் பயணம் நின்றது, பாக்கிகள் குவிந்தன, நிறுவனம் மூடியது, கப்பல் நீதிமன்ற உத்தரவின் பேரில் ஏலம் போனது. தங்கைக் கப்பலை பனாமா அருகே மிதக்கும் குடியிருப்பாக்க 2020-இல் ஒரு குழு வாங்கியது. காப்பீடு கிடைக்காமல் அந்தத் திட்டம் விழுந்தது. உடைக்கும் பேச்சும் வந்தது. கடைசி நேரத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கிக்கொண்டது.

படி 8: உடைப்பது என்று எப்போது முடிவாகிறது

பழைய கப்பலில் பால்கனி குறைவு, பால்கனி அறைக்குத்தான் பணம் அதிகம். பழைய என்ஜின் எண்ணெய் குடிக்கும். இந்த இரண்டும் மெதுவாக அரிக்கும். ஒரே அடியில் வீழ்த்துவது புதிய விதி. எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் கொண்ட பழைய பயணிகள் கப்பல்கள் 2010 அக்டோபர் 1-க்குப் பிறகு பன்னாட்டுப் பயணம் போக முடியாது என்றானதும் மரச்சுவர் போட்ட அழகான பழைய கப்பல்கள் வரிசையாக உடைப்புக்குப் போயின. 2020 ஜனவரி 1 முதல் எரிபொருளில் கந்தகம் 0.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றானது. விலை கூடிய எண்ணெய் வாங்கு, இல்லை புகையைக் கழுவும் கருவி வை. முப்பது வயதுக் கப்பலில் யார் கருவி வைப்பார்? அதே ஆண்டு மார்ச்சில் உலகமே நின்றது. கப்பலைச் சும்மா நிறுத்தி வைப்பதற்கும் ஆட்கள், மின்சாரம், காப்பீடு என்று நாள்தோறும் செலவு.

தப்பியவை மிகச் சில. குயின் மேரி 1967 முதல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நிற்கிறது. குயின் எலிசபெத் 2 துபாயில் 2018-இல் ஹோட்டலாகத் திறந்தது. இரண்டுக்கும் பெயர்ப் புகழ் இருந்தது. ஆனால் தண்ணீரில் நிற்கும் இரும்புக்குப் பராமரிப்பு ஒருபோதும் முடியாது, ஆகவே ஹோட்டல் யோசனையோடு வருபவர்களைப் பார்த்து எளிதில் மகிழ்ந்துவிட வேண்டாம்.

படி 9: கடைசிப் பயணம்

பெரும்பாலும் உரிமையாளர் நேரடியாக உடைப்பவருக்கு விற்பதில்லை. ரொக்கம் கொடுத்து வாங்கும் இடைத்தரகர் நடுவில் வருவார். இங்கேதான் உண்மையான எடை: எண்ணெய், தண்ணீர், சரக்கு எதுவும் இல்லாத வெறுங்கப்பலின் எடைக்கு டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை. பிறகு பெயரில் சில எழுத்துகளின் மேல் பெயின்ட் பூசிச் சுருக்குவார்கள், கொடியை கொமொரோஸ், பலாவ் போன்ற நாடுகளுக்கு மாற்றுவார்கள். ஐரோப்பியக் கொடி பறக்கும் கப்பலை ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள தளத்தில்தான் உடைக்க வேண்டும் என்பது 2018-இன் கடைசி நாளிலிருந்து சட்டம். கடைசி மாதத்தில் கொடி மாறினால் காரணம் பெரும்பாலும் அதுதான். இந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன். முப்பது ஆண்டு லாபம் பார்த்தவரிடம்தான் கடைசிப் பொறுப்பும் இருக்க வேண்டும்.

படி 10: உடைப்பு

இரண்டு இடங்கள் முக்கியம், இரண்டு முறைகள். துருக்கியின் ஏஜியன் கரையில் அலியாகாவில் கப்பலின் மூக்கு மட்டும் கரையில் ஏறும், பின்பகுதி தண்ணீரிலேயே மிதக்கும். கரையிலுள்ள கிரேன்கள் வெட்டிய துண்டுகளைத் தூக்கி இறக்கும். தளங்கள் சில ஐரோப்பியப் பட்டியலில் இருப்பதால் சொகுசுக் கப்பல்கள் பலவும் இங்கேதான் வருகின்றன. 2020 ஜூலையில் ‘சாவரின்’, ‘மோனார்க்’, ‘கார்னிவல் ஃபேன்டஸி’ அடுத்தடுத்து நின்ற படங்களை உலகமே பார்த்தது.

அலங் 1983-இல் தொடங்கியது. காம்பத் வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் பத்து மீட்டர் வரை மாறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய உயர்ந்த ஏற்றத்துக்காகக் காத்திருந்து, கப்பலை நேராகக் கரையைப் பார்த்து முழு வேகத்தில் ஓட்டிச் சேற்றில் ஏற்றுவார்கள். தண்ணீர் வடிந்தால் மொத்தக் கப்பலும் நிலத்தில் நிற்கும். சுங்கத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குஜராத் கடல்சார் வாரியம் என்று அனுமதிகள் முடிந்து, எண்ணெய் எடுத்து, அறைகளில் வாயு இல்லை என்று சான்று கிடைத்த பிறகே வெட்டலாம்.

சொகுசுக் கப்பலில் இரும்புக்கு முன்னால் வீட்டுச் சாமான். மெத்தை, நாற்காலி, விளக்கு, பாத்திரம், பியானோ, உயிர்காப்பு உடை என்று எல்லாம் கழன்று அலங் போகும் சாலையோரக் கடைகளுக்கு வரும். அதற்கே மாதக்கணக்கில் ஆகும். பிறகு ஆக்சிஜனும் எரிவாயுவும் கொண்ட கட்டர்களோடு மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாக வெட்டுவார்கள். எடை குறையக் குறைய வின்ச் வைத்து மீதியை மேலே இழுப்பார்கள். நல்ல தகடுகளை உருக்காமலே சூடாக்கி உருட்டிக் கட்டடக் கம்பி ஆக்கும் ஆலைகளும் அந்தப் பகுதியில் உண்டு.

இங்கே உயிர் போகும் வழிகள் வெளிப்படையானவை: மிச்ச வாயுவில் தீ, சரியும் தகடு, உயரத்திலிருந்து விழுவது. வெளியே தெரியாதது ஆஸ்பெஸ்டாஸ். பழைய கப்பலின் சுவர்ப் பலகை, குழாய் உறை, என்ஜின் அறைக் காப்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். அதன் தூள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரும். 2003 மே 25-இல் மயாமியில் கொதிகலன் வெடித்து எட்டு ஊழியர்களைப் பலிகொண்ட ‘நார்வே’ (பிரான்ஸ் கட்டிய பழைய ‘ஃபிரான்ஸ்’) 2006-இல் ‘ப்ளூ லேடி’ என்ற பெயரில் அலங் வந்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதற்குக் காரணமும் இதுதான். 2007 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

2009-இல் உருவான ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் என்னென்ன அபாயப் பொருள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலும், அந்தக் கப்பலுக்கென்றே தயாரித்த உடைப்புத் திட்டமும், அனுமதி பெற்ற தளமும் இப்போது கட்டாயம். கரையில் ஏற்றி உடைப்பதை அது தடை செய்யவில்லை. ஒரு கப்பலைக் கடைசிவரை பின்தொடர்கிறவர்கள் இந்த மூன்றையும் தேடிப் பார்க்கலாம். அலங்கில் கட்டர் பிடிப்பவர்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். பட்டியல் ஆங்கிலத்தில் வருகிறது. எந்தச் சுவரைத் தொடும் முன் முகமூடி போட வேண்டும் என்று அதை அவரவர் மொழியில் சொல்லி, சுவரிலேயே குறி போட்டுவிட்டுத்தான் வெட்ட விட வேண்டும்.